முகப்பெட்டிக்கு ஒரு கையெழுத்து

கண்மை வைத்த குழந்தை என்றால் முகப்பெட்டிக்கு ஆகாது. மையைக் கண்ணோரம் தாண்டி இழுத்து விட்டிருந்தால் கண் எங்கே முடிகிறது, மை எங்கே தொடங்குகிறது என்று அதற்குப் புரியாது. மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டு ஊமையாக உட்கார்ந்துகொள்ளும். அதனால் செவல்மடை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஜெயக்கொடியின் புதன்கிழமைக் காலையெல்லாம், பஞ்சில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு ஊர்ப் பிள்ளைகளின் மையைத் துடைப்பதிலேயே கழிந்தது. தாய்மார்கள் சும்மா விடுவார்களா?

"கண்ணு பட்டுச்சுன்னா நீங்களா வந்து சுத்திப் போடுவீங்க?"

"ஆமாம்மா, எனக்கு வேற என்ன வேலை? உப்பையும் மிளகாயையும் மடியில கட்டிக்கிட்டுத்தானே திரியிறேன். பிள்ளையக் குடு இப்படி."

பெட்டி வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. பேக்கரியில் பன் அடுக்கி வைக்கும் கண்ணாடிப் பெட்டி அளவு இருக்கும். உள்ளே ஒரு சின்ன மெத்தை, மேலே மூன்று கேமரா. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தால் முப்பது விநாடியில் முகத்தை அளந்து, வயிற்றில் சுமந்தபோது தாய் குடித்தாளா இல்லையா என்று சொல்லிவிடும். சுவரொட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது. மாவட்டத் தலைநகரில் நடந்த பயிற்சியில் டாக்டர் இன்பசேகர் கொஞ்சம் நிதானமாகச் சொன்னார்.

"மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவுல ஒரு சின்ன வாய்க்கால் இருக்கு. எல்லாரும் தொட்டுப் பாருங்க."

நாற்பது நர்சுகளும் தொட்டுப் பார்த்தார்கள்.

"கர்ப்பத்துல சாராயம் உள்ள போனா அந்த வாய்க்கால் தூர்ந்து போயிடும். மேலுதடு மெலிசாயிடும். கண்ணோட நீளம் குறையும். நம்ம கண்ணுக்குப் பிடிபடாது, பெட்டிக்குப் பிடிபடும். முகத்துல தெரியுதுன்னா மூளையிலயும் கை வச்சிருக்குன்னு அர்த்தம். சீக்கிரம் கண்டுபிடிச்சு சீக்கிரம் பயிற்சி கொடுத்தா பிள்ளைய ஓரளவு தேத்திடலாம்."

ஜெயக்கொடிக்கு வாய் சும்மா இருக்காது. "வேற எதனாலயாவது வாய்க்கால் தூர்ந்திருந்தா, சார்?"

"இருக்கலாம். அதனாலதான் பெட்டி சந்தேகம்னு மட்டும் சொல்லும். தாய் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாத்தான் உறுதி. உறுதியான முகத்தையெல்லாம் பெட்டி பாடமா எடுத்துக்கும். போகப் போகக் கெட்டிக்காரனாயிடும்."

"ஒத்துக்காட்டி?"

"ஒத்துக்காட்டி நம்மகிட்ட பயிற்சி கிடையாது. மருத்துவக் கல்லூரிக்கு எழுதி அனுப்பணும்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது.

பவதாரணியின் குழந்தைக்குச் சிவப்பு விழுந்தது ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு. நான்கு மாதப் பெண் குழந்தை, பெயர் யாழிசை. தலை இன்னும் நிற்கவில்லை, தூக்கினால் துவண்டு விழுந்தது. திரையில் 'சந்தேகம், நூற்றுக்கு எழுபத்தொன்று' என்று எழுதியிருந்தது. பவதாரணிக்கு இருபத்து மூன்று வயது. பக்கத்தில் அவள் மாமியார் ராமுத்தாய். அந்த அம்மாளின் புருஷன் குடித்துக் குடித்தே ரத்த வாந்தியெடுத்துச் செத்தவர். அச்சாபீசில் வேலை பார்க்கும் மகன் அழகுராஜா அப்பன் பிணத்தருகே நின்று சத்தியம் செய்ததையும், கல்யாண வீட்டு விருந்தில்கூட அவன் குளிர்பானம் குடிக்கமாட்டான் என்பதையும் ராமுத்தாய் பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொல்லுவாள். அப்பேர்ப்பட்ட வீடு.

ஜெயக்கொடி விளக்கைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டாள். "அம்மா, பிள்ளைக்கு எடை போட்டுச் சீட்டு வாங்கிட்டு வாங்க. வரிசை நீளமா இருக்கு, முந்திக்கோங்க" என்று குழந்தையைக் கையில் கொடுத்து ராமுத்தாயை அனுப்பினாள். கதவைச் சாத்தினாள்.

"என்னம்மா குடிச்ச?"

பவதாரணி விழித்தாள். "காலையில காப்பி குடிச்சேன், சிஸ்டர்."

"நடிக்காத. மாசமா இருந்தப்ப என்ன குடிச்சன்னு கேக்குறேன். பெட்டி சிவப்புக் காட்டுது. வெளிய ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன், எங்கிட்ட மறைக்காத."

குடித்தவள் எவள் உடனே ஒத்துக்கொண்டிருக்கிறாள்? ஆத்தா மேல் சத்தியம் செய்தவளையும், மயங்கி விழுந்து காட்டியவளையும் ஜெயக்கொடி பார்த்தாயிற்று. இவளும் ஒரு பாட்டம் அழுது முடிக்கட்டும் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். பவதாரணி அழவில்லை. அவள் கேட்டது வேறு.

"மாத்திரை சாப்பிட்டாலும் சிவப்புக் காட்டுமா, சிஸ்டர்?"

"என்ன மாத்திரை?"

கைப்பைக்குள் சானிட்டரி நாப்கின் பாக்கெட் இருந்தது. அதற்குள் கையைவிட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். ஜெயக்கொடி பெயரைப் படித்தாள். வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை. அட்டையில் பாதி காலியாக இருந்தது.

"பதினொரு வயசுல வந்துச்சு. ஸ்கூல்ல பிரேயர்ல விழுந்தேன். அப்பா யாருக்கும் தெரியாம மதுரையில காட்டினாக. மாத்திரைய விடாமப் போட்டா வராது. கல்யாணத்துக்கு முந்தி சொல்லிடலாம்ப்பான்னு சொன்னேன். சொன்னா உன்னை எவன் கட்டுவான்னு ஒரே அதட்டு. வீட்டுல அத்தை எல்லாத்தையும் நோண்டுவாக. இந்த பாக்கெட்டை மட்டும் தொடமாட்டாக."

"கர்ப்பமானப்பவாவது எங்கிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? மாத்திரைய மாத்தியிருப்பாங்களே. ஒவ்வொரு மாசமும் வந்தியே!"

"அத்தையும் வந்தாகளே, சிஸ்டர். நீங்க கார்டை வச்சுக்கிட்டுக் கேட்டீங்க, சர்க்கரை உண்டா, வலிப்பு உண்டான்னு. அத்தைதான் பதில் சொன்னாக. 'எங்க வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கண்றாவியெல்லாம் கிடையாது'ன்னு. நீங்க 'இல்லை'ன்னு எழுதிட்டீங்க."

ஜெயக்கொடிக்கு அந்தக் காட்சி அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. எழுதினாள்தான். மாமியார் வாயைப் பார்த்தே எழுதினாள். அன்றைக்கு எழுபது பேர் வரிசையில் நின்றார்கள், மருமகள் முகத்தை நிமிர்ந்து பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? பதினெட்டு வருஷமாக அவள் இப்படித்தான் கேட்டு எழுதுகிறாள். அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

டாக்டர் இன்பசேகருக்குப் போன் போட்டாள். பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னாள்.

"அந்த மாத்திரையும் கிட்டத்தட்ட அதே முகத்தைத்தான் கொடுக்கும்," என்றார் அவர். "வாய்க்கால் தூரும், உதடு மெலியும். அனுபவமுள்ள டாக்டர் நேர்ல பார்த்தா வித்தியாசம் சொல்லலாம். பெட்டிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல."

"இப்ப என்ன பண்ணட்டும், சார்? மாத்திரைன்னு போட ஒரு கட்டமும் இல்லையே."

"கட்டம் இல்லதான். கல்லூரிக்கு எழுதுங்க. எட்டு மாசம் காத்திருக்கணும். தாய், தகப்பன் ரெண்டு பேரும் வந்து ரெண்டு குடும்பத்து வியாதியையும் எழுதிக் கொடுக்கணும்."

"எட்டு மாசமா? தலை நிக்காத பிள்ளை, சார்."

"தெரியும்மா. இந்த வயசுல ஒவ்வொரு மாசமும் பெரிசுதான்." கூடவே சொன்னார்: "அந்தப் பொண்ணு மாத்திரையத் திடீர்னு நிறுத்திடப் போகுது. அது ஆபத்து. எங்கிட்ட வரச் சொல்லுங்க, வேற மாத்திரைக்கு மாத்திடலாம்."

ஜெயக்கொடி எல்லாவற்றையும் பவதாரணியிடம் சொன்னாள். கல்லூரிக்குப் போனால் வலிப்பு வெளியே வந்துவிடும், பயிற்சி எட்டு மாதம் தள்ளிப் போகும். குடித்தேன் என்று கையெழுத்துப் போட்டால் நாளை வியாழக்கிழமையே இதே வளாகத்தில் பயிற்சி ஆரம்பம், ஆனால் வாராவாரம் வந்து குடிக்கவில்லை என்று குழாயில் ஊதிக் காட்ட வேண்டும்.

"கையெழுத்துப் போட்டா யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும், பெட்டிக்குத் தெரியும். ரகசியம்னு சட்டத்துலயே போட்டிருக்கு. உன் வீட்டுக்குப் போகாது. அதுக்கு நான் பொறுப்பு."

"வலிப்புன்னு தெரிஞ்சா மறைச்சுக் கட்டி வச்சுட்டாகன்னு அப்பாவ நடுத்தெருவுல நிறுத்துவாக, சிஸ்டர். என்னைக் கொண்டுபோய் விட்டுருவாக. இது ரகசியமாவாவது இருக்குமே." பவதாரணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க கையெழுத்துப் போடணும்?"

கையெழுத்துக்கு முன்னால் திரை சும்மா விடவில்லை. எந்த மாதம், வாரத்துக்கு எத்தனை முறை, என்ன வகை என்று கேள்விமேல் கேள்வி கேட்டது. கள், பீர், பிராந்தி, ஒயின், மற்றவை என்று ஒரு பட்டியல் விரிந்தது. பவதாரணி குனிந்து படித்தாள்.

"இதுல எதுங்க்கா கொஞ்சம் கௌரவமா இருக்கும்?"

சிஸ்டர் அந்த நேரத்தில் அக்காவாகிவிட்டாள். ஜெயக்கொடி 'ஒயின்' என்ற இடத்தில் விரலை வைத்தாள். வாரம் இரண்டு முறை என்று போட்டாள். ஒரு சொட்டு மது தொடாத பெண்ணைக் குடிகாரியாக்க நான்கு நிமிஷம் ஆயிற்று. பெட்டி பச்சையாக ஒருமுறை கண் சிமிட்டி, நன்றி சொன்னது.

மூன்று மாதம் நன்றாகத்தான் போயிற்று, அதைச் சொல்ல வேண்டும். எடை குறைவு, நரம்புப் பயிற்சி என்று ராமுத்தாயிடம் சொல்லி வைத்திருந்தார்கள். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். யாழிசைக்குக் கழுத்து நின்றது. கிலுகிலுப்பை ஆட்டினால் திரும்பிப் பார்த்தாள். பவதாரணி குழாயில் ஊதுவாள், பூஜ்யம் என்று வரும், சிரித்துக்கொண்டே பயிற்சி அறைக்கு ஓடுவாள். பாவம், அவள் சிரித்து ஜெயக்கொடி பார்த்தது அந்த மூன்று மாதம்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அழகுராஜா வந்தான். சட்டையில் அச்சு மை, இடது தோளில் குழந்தை. பின்னாலேயே பவதாரணி செருப்பில்லாமல் ஓடி வந்தாள். அவன் கைப்பேசியை மேஜைமேல் வைத்து ஒலிப்பதிவை அழுத்தினான். ஒரு பெண் குரல் தேனொழுகப் பேசியது.

"வணக்கம், பவதாரணி. மது இல்லாத தொண்ணூறு நாட்களை நிறைவு செய்துவிட்டீர்கள். உங்கள் மன உறுதிக்குப் பாராட்டுகள்."

அது எப்படி அவன் போனுக்குப் போயிற்று என்பது ஜெயக்கொடிக்கு உடனே பிடிபட்டது. தாயின் கைப்பேசி எண் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவள் என்றைக்குமே புருஷன் எண்ணைத்தான் எழுதுவாள். ஊரில் எல்லா நர்சும் அப்படித்தான் எழுதுவார்கள். பெண்டாட்டியிடம் போன் இருந்தாலும், நம்பர் சொல்லும்மா என்றால் அவளே புருஷன் நம்பரைத்தான் சொல்லுவாள். பவதாரணியும் சொன்னாள், இவளும் எழுதினாள். ரகசியத்தைக் காக்கப் போட்ட சட்டத்தில் இதை யாரும் யோசிக்கவில்லை.

"தம்பி, உக்காருங்க. உங்க சம்சாரம் குடிக்கவே இல்ல. இது வேற விஷயம்." ஒரு தடவை பவதாரணியைப் பார்த்தாள். அவள் வேண்டாம் என்று தலையாட்டவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயக்கொடி சொல்லிவிட்டாள். "அவளுக்கு வலிப்பு இருக்கு. அதுக்குச் சாப்பிட்ட மாத்திரைதான் பிள்ளையப் பாதிச்சிருக்கு. அத மறைக்கத்தான் குடிச்சேன்னு பொய்யாக் கையெழுத்துப் போட்டா."

"வலிப்பு எனக்குத் தெரியும், சிஸ்டர்," என்றான் அழகுராஜா.

பவதாரணி நிமிர்ந்தாள்.

"கல்யாணமாகி மூணாவது வாரம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுப் படுத்திருந்தா. திடீர்னு வெட்டி வெட்டி இழுத்துச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு வாயத் துடைச்சு விட்டேன். எந்திரிச்சப்ப அவளுக்கு ஒண்ணும் தெரியல. அம்மா கேட்டதுக்கு அசந்து தூங்குறான்னுட்டேன்." குழந்தையை மறுதோளுக்கு மாற்றினான். "அவளா என்னைக்காவது சொல்லுவான்னு இருந்தேன். நோய்தானே, அவ என்ன பண்ணுவா? அதுக்காக நான் ஒரு வார்த்தை மூஞ்சி சுளிச்சிருப்பேனா, கேளுங்க அவளை."

"தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா?" என்று பவதாரணி திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தெரிஞ்சிருந்தா நான் ஏங்க இந்தக் கையெழுத்தப் போடப் போறேன்!"

"எங்க அப்பன் எப்படிச் செத்தான்னு உனக்குத் தெரியும்ல? நாத்தம் பிடிச்ச அந்த வாந்திய எட்டு வயசுல நான் அள்ளிப் போட்டேன்னு உங்கிட்டச் சொன்னேன்ல? என் பிள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு..."

"அவ குடிக்கல, தம்பி! நானே சாட்சி."

"நீங்கதானே சிஸ்டர் கூட இருந்து மறைச்சது? அன்னைக்கு எழுதினது பொய்னா இன்னைக்குச் சொல்றத எப்படி நம்புறது? சரி, நீங்க வேணாம், அவளும் வேணாம்." பெட்டியைக் காட்டினான். "அதுக்கு யாரும் வேண்டியவங்க இல்ல. அது சொல்லட்டும்."

நல்ல யோசனை என்றுதான் ஜெயக்கொடிக்குப் பட்டது. எழுபத்தொன்று என்றால் மீதி இருபத்தொன்பது இல்லை என்றுதானே, அதைக் காட்டிப் பேசலாம் என்று நினைத்தாள். குழந்தையை வாங்கி மையைத் துடைத்துப் படுக்க வைத்தாள். முப்பது விநாடி. திரையில் எழுத்து வந்தது. 'உறுதி, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.'

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெயக்கொடிக்குத்தான் முதலில் விளங்கியது. பவதாரணி போட்ட கையெழுத்தை வைத்து, இந்த முகம் குடித்தவள் பெற்ற முகம் என்று பெட்டி பாடம் படித்திருந்தது. இவளைப் போல வேறு எத்தனை பேர் பயிற்சிக்காகக் கையெழுத்துப் போட்டார்களோ, யார் கண்டது? அதை அழகுராஜாவுக்கு விளக்கப் பார்த்தாள். நாங்க சொன்னதைத்தான் தம்பி அது திருப்பிச் சொல்லுது என்றாள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பவதாரணி பின்னால் போகவில்லை.

அன்று மாலையே ஜெயக்கொடி பதிவைத் திறந்து திருத்தப் பார்த்தாள். 'தாய் தவறாக ஒப்புக்கொண்டார்' என்று ஒன்று இல்லை. 'தாய் மறுக்கிறார்' என்பது மட்டும் இருந்தது. அதை அழுத்தப் போனால், பயிற்சி உடனே நிறுத்தப்படும் என்று எச்சரிக்கை வந்தது. பவதாரணிக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"வேணாங்க்கா," என்றாள் அவள், அப்பா வீட்டிலிருந்து. "இப்பத்தானே குப்புறக் கவுற ஆரம்பிச்சிருக்கா. நான் குடிகாரியாவே இருந்துட்டுப் போறேன்."

இரண்டு வீட்டாரும் மகளிர் காவல் நிலையத்தில் உட்கார்ந்து பேசினார்கள். தகப்பன் என்ற உரிமையில் அழகுராஜா கேட்டு வாங்கியிருந்த பெட்டியின் காகிதத்தை ராமுத்தாய் எல்லாரிடமும் காட்டினாள். குடிக்கிற தாயிடம் குழந்தை இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று. பவதாரணியின் அப்பா அங்கேயும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. அடுத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த மனுஷனை நினைத்தால் ஜெயக்கொடிக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

மிச்சமிருந்தது வியாழக்கிழமை ஒன்றுதான். தாய் கண்காணிப்பில் இருக்கும்வரை பயிற்சியின்போது தாய் உடன் இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அதனால் ராமுத்தாய் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவாள். பவதாரணி இரண்டு பேருந்து மாறி வந்து குழாயில் ஊதி, பூஜ்யம் காட்டி, ஒரு மணி நேரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வாள். மணி அடித்ததும் கொடுத்துவிட்டுப் போவாள். யாழிசை அவளைப் பார்த்தால் கையைத் தூக்கப் பழகியிருந்தாள்.

இருபத்தைந்தாவது வாரம் ஜெயக்கொடி மென்று விழுங்கிக்கொண்டு சொன்னாள். "அடுத்த வியாழனோட உனக்கு நூத்தி எண்பது நாள் முடியுது, பவா. அன்னைக்கும் பூஜ்யம் வந்தா நீ குணமாயிட்டன்னு பெட்டி விடுதலை குடுத்துரும்."

"பிள்ளைக்குப் பயிற்சி?"

"அது நடக்கும். பாட்டி கூட்டிட்டு வந்தாப் போதும்."

"அப்ப நான் வர வேண்டியதில்ல."

"வந்தாலும் உள்ள விட மாட்டாங்கம்மா. ரெண்டு தடவை மேலிடத்துல கேட்டுப் பார்த்துட்டேன்."

பவதாரணி குழந்தையின் நகத்தை வெட்டிவிட்டு, மணி அடிக்குமுன்பே எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தாள். முகம் வெளுத்திருந்தது, சுடிதார் துப்பட்டாவால் வாயைப் பொத்தியிருந்தாள். ஜெயக்கொடி நீட்டிய குழாயை வாங்கி, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து நன்றாக ஊதினாள். திரையில் பூஜ்யம் வரவில்லை.

"அடிப்பாவி! என்னடி பண்ணித் தொலைச்ச?"

"மூணு மடக்குதாங்க்கா. பஸ் ஸ்டாண்டு பின்னாடி நின்னு குடிச்சேன். குமட்டிக்கிட்டு வந்துச்சு, மூக்கப் பிடிச்சுக்கிட்டு முழுங்கிட்டேன்."

"வலிப்பு மாத்திரை போடுறவ குடிக்கலாமா? செத்துத் தொலைப்படி!"

பெட்டியின் ஒலிபெருக்கியில் அதே தேன் குரல் கேட்டது. "மனம் தளர வேண்டாம், பவதாரணி. மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்குவோம்."

"எத்தன நாளுக்கா?"

"நூத்தி எண்பது."

வெளியே ராமுத்தாயின் குரல் கேட்டது. ஜெயக்கொடி போய்க் குழந்தையை வாங்கி வந்தாள். யாழிசை தாயைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினாள். பவதாரணி துப்பட்டாவால் வாயை அழுந்தத் துடைத்து, தன் மூச்சு படாமல் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு, பிள்ளையை வாங்கினாள்.